ஆறாம் திருநாள்: எண்ணெய்க்காப்பு

அநியாயம் நடந்தது முப்பிடாதி அக்காவுக்கு, மேடம். எங்கள் விடுதி மெஸ்ஸில் தோசைக்கல்லில் நிற்பவர். தீபாவளிக்கு முந்தின வாரம், வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பியவரை வார்டன் கேட்டில் நிறுத்திப் பையைச் சோதித்தார். உள்ளே ஒரு லிட்டர் பாமாயில் பாக்கெட் இருந்தது. அதைச் சணலில் கட்டி, அவர் கழுத்திலேயே மாட்டி, சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து ஆறு மணிவரை அங்கேயே நிற்கவைத்தார். முந்நூறு பெண்கள் போய்வருகிற கேட். கண்காட்சிப் பட்டியலில் ஆறு படம் போட்டிருக்கிறது, சுவரில் ஐந்துதானே இருக்கிறது என்று கேட்டீர்கள். அதற்குப் பதில் இங்கிருந்துதான் தொடங்குகிறது. நடுவில் சந்தேகம் வந்தால் கேளுங்கள். எனக்குக் கேள்வி பிடிக்கும்.

ஆனால் வரிசையாக வருவோம். ஐந்தைப் பார்க்காமல் ஆறாவது புரியாது.

செதுக்கியது ஜெபசெல்வி, நுண்கலைத் துறை. லினோலியம் தகட்டில் செதுக்கி, மை தடவி, ஒவ்வொன்றாக அச்செடுத்தாள். நான் சண்முகவடிவு, முதுகலை வரலாறு, இரண்டாம் ஆண்டு. யோசனை என்னுடையது, கீழே இருக்கிற வாசகங்களும் என்னுடையவை. கோயில் திருவிழா நோட்டீஸ் மாதிரி எழுதியிருக்கிறேன், கவனித்தீர்களா?

முதல் திருநாள், கழுதை வாகனம். முகத்தில் கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, கழுதையின் வாலைப் பார்க்க உட்காரவைத்திருக்கிறார்கள். 'காலை எட்டு மணிக்குக் கழுதை வாகனத்தில் எழுந்தருளி, நான்கு வீதிகளிலும் உலா வந்து காட்சியளித்தல்.' இரண்டாம் திருநாள், தொழுமரச் சேவை. இரண்டு காலையும் கட்டைக்குள் விட்டுப் பூட்டியிருக்கிறது. தொழு என்றால் கும்பிடு என்று மட்டும்தான் இப்போது எல்லோருக்கும் தெரியும். குற்றவாளியின் காலை மாட்டுகிற கட்டைக்கும் அதே பெயர் இருந்தது என்று சொன்னால் எங்கள் வகுப்பிலேயே நம்பவில்லை. மூன்றாவது லண்டன். கழுத்தும் கைகளும் பலகை ஓட்டைக்குள்ளே, கூட்டம் அழுகின முட்டையை எறிகிறது. அதற்குப் பூச்சொரிதல் என்று பெயர் வைத்தேன். நான்காவது தலையை மழிப்பது, முடி காணிக்கை. ஐந்தாவது, மாட்டு வண்டிக்குப் பின்னால் கட்டித் தெருத்தெருவாகச் சவுக்கால் அடித்துக்கொண்டு போவது. தேரோட்டம்.

சிரிக்கிறீர்கள். சிரிக்கத்தான் எழுதினேன். சிரித்து முடித்த பிறகு, அடி வாங்குகிறவனைப் பார்த்தா சிரித்தோம், அடிக்கிறவர்களைப் பார்த்தா என்று ஒரு நிமிடம் உறுத்த வேண்டும். வஞ்சப்புகழ்ச்சி, மேடம், பள்ளிக்கூடத்திலேயே படித்தது. கூட்டத்தைப் பாருங்கள். எல்லாப் படத்திலும் தண்டனை வாங்குகிறவரைவிட வேடிக்கை பார்க்கிறவர்கள் முகம்தான் பெரிது. ஒருத்தி முறுக்குத் தின்கிறாள். ஒருத்தன் பிள்ளையைத் தோளில் தூக்கிக் காட்டுகிறான்.

ஆனால் ஐந்தோடு நிறுத்தினால் என்ன ஆகும் தெரியுமா? 'அந்தக் காலத்துல எப்படியெல்லாம் கொடுமை பண்ணியிருக்காங்க பாரேன்' என்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு எல்லோரும் கேன்டீனுக்கு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அந்தக் காலமாம். தீபாவளிக்கு முந்தின வாரம் எந்தக் காலம்?

அன்றைக்கு நான் பார்த்தேன். விடுதி இரண்டாம் மாடி வராந்தாவில் நின்று முழு ஒரு மணி நேரமும் பார்த்தேன். ஃபோனில் எடுத்தேன். ஆதாரம் வேண்டுமில்லையா? ஏழு படம், ஒரு வீடியோ. இறங்கிப் போயிருக்கலாமே என்று ஜெபசெல்வி கேட்டாள், நீங்களும் கேட்பீர்கள். முதலாவது, மறுநாள் எனக்கு இன்டர்னல் பரீட்சை. இரண்டாவது, கீழே போயிருந்தால் இவ்வளவு தெளிவாக எடுத்திருக்க முடியாது. எல்லோரும் கீழே போய் நின்றால் அப்புறம் யார் சாட்சி சொல்வது?

அந்த எண்ணெய் ரேஷன் கடையில் வாங்கியது, மேடம். மத்தியானம் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டுப் போய் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார், பண்டிகைக்குப் பலகாரம் சுட. எங்கள் மெஸ்ஸுக்கு எண்ணெய் பாக்கெட்டில் வருவதே கிடையாது. பதினைந்து லிட்டர் டின்னில்தான் வரும். அடுப்படிக்குள் ஒரு நாள் எட்டிப் பார்த்திருந்தால்கூட வார்டனுக்கு அது தெரிந்திருக்கும். ஆறு மணிக்கு மெஸ் மாஸ்டர் போய், 'மேடம், நம்மகிட்ட பாக்கெட்டே இல்லையே' என்று சொன்ன பிறகுதான் விஷயம் விளங்கியது. அப்போதும் மன்னிப்புக் கேட்கவில்லை. கயிற்றை அவிழ்க்கச் சொல்லிவிட்டு, 'சரி, போ' என்றார். அவ்வளவுதான்.

நான் அன்று இரவே முதல்வருக்கு நாலு பக்கம் புகார் எழுதினேன். அக்கா கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. காலையில் தோசைக்கல் பக்கத்திலேயே நின்று படித்துக் காட்டினேன். அக்கா தோசையைத் திருப்பிக்கொண்டே கேட்டார்.

'விடு பாப்பா. முடிஞ்சு போச்சு.'

'எப்படிக்கா முடியும்? நீங்க நிரபராதின்னு நிரூபணம் ஆயிருச்சு. இப்ப விடக் கூடாது.'

'ஆயிருச்சுல்லா, அப்புறம் என்ன? நாலஞ்சு நாள்ல எல்லாரும் மறந்துருவாவ. உனக்கு மொறுவலா வேணுமா, மெத்துன்னு வேணுமா?'

மறந்துவிடுவார்கள் என்றார். அந்த வார்த்தைதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஏனென்றால் அது உண்மை. இரண்டே வாரத்தில் முந்நூறு பெண்களும் மறந்துவிட்டார்கள். அதே வார்டனுக்குப் பிறந்தநாள் வந்தது, கேக் வெட்டினார்கள். அக்கா அதே கல்லில் நின்று, அதே மாதிரி மொறுவலா, மெத்துன்னா என்று கேட்டுக்கொண்டிருந்தார். எதுவுமே நடக்காத மாதிரி. அவருக்கு அது நிம்மதியாக இருந்திருக்கலாம். வரலாறு படிக்கிறவளுக்கு அது அவமானம்.

ஆகவே ஆறாவது படம். என் ஃபோனில் இருந்த ஏழில் நல்ல ஒன்றை எடுத்து ஜெபசெல்வியிடம் கொடுத்தேன். படம் இப்படி வர வேண்டும்: கேட், கம்பி, நடுவில் அக்கா, கழுத்தில் பாக்கெட். பக்கத்தில் வார்டன், கோயில் தர்மகர்த்தா மாதிரி பட்டுக் குடைக்குக் கீழே. சுற்றிலும் எங்கள் விடுதிப் பெண்கள், ஆளுக்கொரு ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

ஜெபசெல்வி முதலில் தயங்கினாள். தகட்டில் கோடு போட்டுவிட்டு நிறுத்திவிட்டாள்.

'ஏட்டி வடிவு, முகத்த மட்டும் மாத்திருவமா? யாரோ ஒரு பொம்பளன்னு இருக்கட்டும்.'

'அந்த அஞ்சு படத்துலயும் யாரோதான இருக்காங்க? அவங்க பேரும் முகமும் தெரியாததாலதான நாம சிரிக்கோம்? இவங்களுக்காவது முகம் இருக்கட்டும்.'

'அக்காட்ட ஒரு வார்த்த கேட்டியா?'

'திறப்பு விழா அன்னைக்குப் பாக்கட்டும். சந்தோசப்படுவாங்க.'

அவள் மறுபடி செதுக்க ஆரம்பித்தாள். என்னிடம் வாதாடி ஜெயித்தவர்கள் இந்தக் கல்லூரியில் குறைவு, மேடம். ஆனால் வேலை என்று வந்துவிட்டால் ஜெபசெல்வி அரைகுறையாகச் செய்யமாட்டாள். இடது புருவத்தில் இருக்கிற தழும்பு, மூக்குத்தியில் ஒரு கல் விழுந்த இடம், எல்லாம் அப்படியே வந்தது. பார்க்கிறீர்களா? என் ஃபோனில் இருக்கிறது, ஒரு நிமிடம். வேண்டாமா? சரி.

தலைப்புக்கு நான் மூன்று நாள் யோசித்தேன். பிறகு குளித்துக்கொண்டிருக்கும்போது வந்தது. 'ஆறாம் திருநாள்: எண்ணெய்க்காப்பு. மாலை ஐந்து மணி முதல் ஆறு மணி வரை. மெய்யன்பர்கள் தவறாது வந்து தரிசிக்கவும்.' சாமிக்கு எண்ணெய் சாத்துவது எண்ணெய்க்காப்பு. இங்கே எண்ணெயைக் கழுத்தில் சாத்தியிருக்கிறார்கள். காப்பு என்றால் விலங்கும்தான். ஒரே சொல், மூன்று அடி. எங்கள் தமிழ்த் துறை ஐயா ஒருவர் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் கை கொடுத்தார்.

தை மாதம் திறப்பு விழா. ஃபிரேம் போட்டு, கண்ணாடி மாட்டி, இதோ இந்த ஆறு ஆணியில் ஆறு படம். மற்ற படங்களுக்கு முன்னால் நாலு பேர் நின்றால் ஆறாவதன் முன்னால் நாற்பது பேர். பிரதி வேண்டும் என்று கேட்டார்கள், ஜெபசெல்வி இன்னும் முப்பது அச்செடுத்துக் கொடுத்தாள். விடுதியில் பாதி அறைக்கதவில் ஒட்டியிருக்கிறது.

வார்டனும் வந்தார். நான் அதற்காகத்தான் காத்திருந்தேன். முகம் சிவக்கும், கத்துவார், கழற்றச் சொல்வார், கருத்துச் சுதந்திரம் பற்றி ஒரு பிடி பிடிக்கலாம் என்று மனதுக்குள் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். 'அட, நம்ம முப்பிடாதி. மூஞ்சி அப்படியே வந்திருக்கே' என்றார். ஜெபசெல்வியின் முதுகில் தட்டிவிட்டுப் போய்விட்டார். குடைக்குக் கீழே நிற்பது யாரென்று அவருக்குத் தெரியவே இல்லை. சத்தியமாகத் தெரியவில்லை, மேடம். இப்படிப்பட்டவர்களிடம் நையாண்டி என்ன செய்யும்?

இதற்குப் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். விழா முடிந்த மூன்றாம் நாள் காலையில் மெஸ்ஸில் வரிசையில் நின்றுகொண்டிருக்கிறேன். எனக்கு முன்னால் முதலாமாண்டுப் பெண் ஒருத்தி தட்டை நீட்டி, 'எண்ணெய்க்காப்பு அக்கா, ரெண்டு தோசை' என்றாள். பின்னால் எல்லோரும் சிரித்தார்கள். அடுத்தவளும் அப்படியே கேட்டாள். 'எண்ணெய்க்காப்பு, எண்ணெய் கம்மியா ஊத்துங்க, எங்களுக்கும் மிச்சம் வேணும்ல.' அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. ஒரு வாரத்துக்குள் முப்பிடாதி என்கிற பெயரையே யாரும் சொல்லவில்லை.

அவர்களுக்கு வஞ்சப்புகழ்ச்சி புரியவில்லை, அதற்கு நான் என்ன செய்ய? படத்துக்குப் பக்கத்தில் ஒரு விளக்கம் எழுதி ஒட்டினேன், ஒன்றரைப் பக்கம். யாரும் படிக்கவில்லை.

அக்கா அதற்குப் பிறகு மொறுவலா, மெத்துன்னா என்று கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டார். கல்லில் வந்ததைத் தட்டில் போட்டார்.

பிறகு ஒரு புதன்கிழமை, கை கழுவுகிற இடத்தில் என் பக்கத்தில் வந்து நின்றார். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

'பாப்பா, அந்தப் படத்த எடுத்திரேன்.'

'என்னக்கா இப்படிச் சொல்லுதீங்க? அது உங்களுக்காகப் போட்டது.'

'தெரியும். வெள்ளிக்கிழம ஸ்கூல் பிள்ளைய வருதாவளாம் காலேஜப் பாக்க. கவர்மென்ட் ஸ்கூல். நம்ம இசக்கிபிரியாவும் வருதா.'

இசக்கிபிரியா அவர் மகள். பிளஸ் டூ. இங்கேயே பி.எஸ்சி. சேர வேண்டும் என்று ஆசை. பள்ளிக்கூடங்களிலிருந்து கூட்டிவந்து கல்லூரியைச் சுற்றிக் காட்டுவார்கள் இல்லையா, அதற்கு அவள் வகுப்பு முழுக்க வருகிறது. நாற்பது பெண்கள், இரண்டு டீச்சர்கள். நூலகம், ஆய்வுக்கூடம், பிறகு இந்தக் கண்காட்சி.

'கேட்டுல நின்னது வீட்டுல தெரியாது பாப்பா. அவ அப்பாட்டயும் சொல்லல, அவட்டயும் சொல்லல. லேட்டாயிருச்சு, பஸ் கெடைக்கலன்னு சொல்லிட்டேன். கூட வாரதுல பாதிப் பிள்ளைய எங்க தெருதான். என் மூஞ்சி தெரியாதவ கிடையாது.'

'நல்லதுதானக்கா, தெரியட்டும். அவ பெருமைப்படணும். எங்க அம்மா தப்புப் பண்ணல, தப்புப் பண்ணது அவங்கதான்னு தலைநிமிந்து சொல்லணும். நீங்க மறைக்க மறைக்கத்தான் அது உங்க தப்பு மாதிரி ஆவுது.'

இதில் ஏதாவது தவறு இருக்கிறதா, மேடம்? ஒரு வரி தவறு என்று காட்டுங்கள். அக்காவாலும் காட்ட முடியவில்லை. குழாயை மூடினார். 'பதினேழு வயசுப் பிள்ள, பாப்பா' என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அது பதிலா?

வெள்ளிக்கிழமை வந்தது. உங்களுக்கு மனசு பதறுகிறது, தெரிகிறது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்தப் பெண் எதையும் பார்க்கவில்லை. பள்ளிப் பிள்ளைகள் உள்ளே வந்தபோது இங்கே வெறும் ஆணிதான் இருந்தது. கழற்றியது நான், என் கையால். துறைத் தலைவரோ முதல்வரோ உத்தரவு போட்டுக் கழற்றவில்லை. படம் இப்போது என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. கதவுகளில் ஒட்டியிருந்த பிரதிகளையும் கிழிக்கச் சொல்லிப் பார்த்தேன். கிழித்தவர்கள் கிழித்தார்கள்.

ஆனால் ஒன்பதரை மணிக்கு நான் கழற்றுவதாக இல்லை. ஜெபசெல்வி ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு, அதன்மேல் ஏறியும் விட்டாள். நான் அவள் சுடிதாரைப் பிடித்து இழுத்தேன்.

'இறங்குட்டி.'

'நான்தான செதுக்குனேன்? நான் கழட்டுதேன்.'

'பட்டியல்ல ஆறுன்னு போட்டாச்சு. மாநிலப் போட்டிக்குப் போற வரிசை. ஆறாவது இல்லைன்னா மத்த அஞ்சும் செத்துப்போச்சு. அக்கா வந்து காரணம் சொல்லட்டும். ஒரே ஒரு காரணம். சொன்னா நானே கழட்டுதேன்.'

'காரணம் சொல்லிட்டாங்களேட்டி. மக வாரா.'

'அது பயம். காரணம் இல்ல.'

அப்போதுதான் அக்கா உள்ளே வந்தார். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்க டீ கேன் ஒரு கையில், பேப்பர் கப் அடுக்கு ஒரு கையில். ஸ்டூலில் ஜெபசெல்வி நிற்பதைப் பார்த்தார், நான் பிடித்துக்கொண்டிருப்பதையும் பார்த்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

வெளியே பஸ் வந்து திரும்புகிற சத்தம் கேட்டது. டீச்சர் ஒருவர் வரிசை, வரிசை என்று அதட்டினார். நூலகம் பூட்டியிருந்ததாம், ஆகவே முதலில் இங்கே கூட்டிவருகிறார்கள் என்று யாரோ ஓடிவந்து சொன்னார்கள். இங்கிருந்து அந்தப் படிக்கட்டுக்கு எவ்வளவு தூரம் இருக்கும்? ஐம்பது அடி. நீல யூனிஃபார்ம் ஜன்னல் வழியாகவே தெரிந்தது.

ஜெபசெல்வி, 'வடிவு, விடுட்டி' என்றாள்.

ஆனால் அவசரத்துக்காகக் கொள்கையை விடக் கூடாது என்று எனக்கு ஒரு பிடிவாதம். அவசரம் என்று சொல்லித்தான் உலகத்தில் எல்லா அநியாயத்தையும் மூடி வைக்கிறார்கள். நான் அக்காவிடம் போனேன். வேகமாகப் பேசினேன், நேரமில்லை இல்லையா? வேண்டுமானால் 'இவர் நிரபராதி' என்று சிவப்பு மையில் பெரிதாக எழுதிக் கண்ணாடியிலேயே ஒட்டுகிறேன் என்றேன். எண்ணெய்க்காப்பு என்கிற வார்த்தையை வேண்டுமானாலும் எடுத்துவிடுகிறேன் என்றேன். அதை நான் எவ்வளவு பெரிய விட்டுக்கொடுத்தலாக நினைத்தேன் தெரியுமா? அக்கா எதற்கும் தலையசைக்கவில்லை. படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நாலு மாதம் நான் ஒருத்தி மட்டும்தான் இந்த அம்மாவுக்காகப் பேசினேன். புகார் எழுதினது யார்? மறக்காமல் இருந்தது யார்? இவ்வளவுக்கும் பிறகு என்னைத் திருடி மாதிரி பார்த்துக்கொண்டு நின்றால்?

'சரிக்கா, ஒரே ஒரு கேள்வி,' என்றேன். 'உங்கள நிக்கவச்சது வார்டன். உங்களுக்காக நின்னது நான். ரெண்டு பேரும் ஒண்ணுன்னு சொல்லுதீங்களா? ஆமான்னா ஆமான்னு உங்க வாயால சொல்லுங்க. இப்பவே கழட்டுதேன்.'

இப்போது மெஸ்ஸில் அவர் தோசைக்கல்லில் நிற்பதில்லை, மேடம். அவராகவே கேட்டுப் பின்பக்கம் பாத்திரம் கழுவுகிற இடத்துக்கு மாறிக்கொண்டார். அங்கே யாரும் தட்டை நீட்ட முடியாது. எதிரில் பார்த்தால் என்னிடம் பேசுவதில்லை. அதை நன்றியில்லாத்தனம் என்று நான் சொன்னால் ஜெபசெல்வி எழுந்து போய்விடுகிறாள். அதனால்தான் வெளியூர் ஆளான உங்களிடம் கேட்கிறேன். நீங்கள் போட்டிக்கு நடுவர், இரண்டு பக்கமும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லத் தெரிந்தவர். என் பக்கம் முழுக்கச் சொல்லிவிட்டேன். அவர் பக்கம் அவ்வளவுதான், அன்றைக்கு அவர் சொன்ன அந்த ஒரு பதில்தான்.

அக்கா டீ கேனைக் கீழே வைத்தார். சுவர்ப் பக்கம் திரும்பவே இல்லை, என்னைத்தான் பார்த்தார். சேர்ந்த நாளிலிருந்து பாப்பா, வா, போ என்றே பேசியவர், அன்றைக்கு என்னவோ எனக்கு மரியாதை வேறு கொடுத்தார்.

'ரெண்டும் ஒண்ணில்லம்மா. அந்தம்மா ஒரு மணி நேரம் கழிச்சு என்னப் போவச் சொல்லிட்டாவ. நீங்க எப்பம்மா போவச் சொல்லுவிய?'